பையில் குறைத்த ஆறு கிலோ: செங்கல்பட்டு, புதுப்பட்டினம், மாமல்லபுரம் நடை

முதுகுப்பையின் எடையைக் குறைப்பது பற்றி இந்த வலைப்பக்கத்தில் ஏற்கெனவே நான்கு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டச் சொன்னவன் நான்தான். அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் தன் மனைவியின் பிரஷ்ஷையும் சேர்த்து வெட்டி வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது கூடப் பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் கட்டுரையும் எடையைப் பற்றியதுதான். ஆனால் இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் நண்பன் ஏழுமலை நான்கு வருடமாகப் பேசாமல் இருந்த தன் அக்காவோடு சேர்ந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தான். அது அவன் பையில் இருந்தது. நான் அதைத் தராசில் மாட்டிப் பார்த்து, எடை அதிகம் என்று வெளியே எடுத்து வைத்துவிட்டேன். அது போதாதென்று மறுநாள் இன்னொரு காரியமும் செய்தேன். வழி, தூரம், செலவு எல்லாம் கீழே இருக்கிறது. அதோடு இதையும் படித்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலையும் நானும் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறோம். அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நான் தரக்கட்டுப்பாடு. அளப்பதும் நிறுப்பதும் எனக்குப் பிழைப்பு, நாளடைவில் குணமாகவும் ஆகிவிட்டது. மூன்று வருடமாக நடைக்குக் கூப்பிட்டும் வராதவன், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம், அங்கிருந்து மாமல்லபுரம் என்று நான் வழி சொன்னதும், "எப்ப போறோம்?" என்று கேட்டான். பொங்கலுக்குப் பத்து நாள் இருந்த சனிக்கிழமையைக் குறித்தோம். ஜனவரி முதல் வாரம் இந்தப் பக்கம் நடக்க அருமையான நேரம். மழை விட்டிருக்கும், ஏரிகளில் தண்ணீர் இருக்கும், வெயில் பதினொரு மணி வரை தொந்தரவு தராது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அவன் பையோடு செங்கல்பட்டில் என் வீட்டுக்கு வந்தான். என்னோடு நடக்க வரும் எல்லோருக்கும் நான் வைக்கும் சடங்கு ஒன்று உண்டு. ஜன்னல் கம்பியில் கொக்கித் தராசை மாட்டி, பையைத் தொங்கவிட்டு, பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் பாயில் கொட்டி ஒவ்வொன்றாக நிறுப்பேன். என் பை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் 5 கிலோ 80 கிராம். அவனுடையது 12 கிலோ 300.

"இன்னா மச்சான், குடும்பத்தையே கட்டிக்கினு வந்துட்டியா?" என்றேன். அவன் சிரித்தான்.

கம்பளிப் போர்வை 1 கிலோ 450, வெளியே. ஜீன்ஸ் பேன்ட் 700, வெளியே. ஸ்டீல் தண்ணீர் பாட்டிலும் பழைய டார்ச்சும் சேர்ந்து 900, வெளியே. அடியில் ஒரு புதுத் துண்டில் சுற்றி ஒரு பித்தளைத் தவலை இருந்தது. நன்றாகப் புளி போட்டு விளக்கியிருந்தான், பளபளவென்று இருந்தது. அதற்குள் ஒரு கிலோ பச்சரிசி, அரைக் கிலோ வெல்லம். தவலை மட்டும் 2 கிலோ 140.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நடைக்காரன் கண்ணுக்குப் பாத்திரம் என்றால் அது சமைக்கிற பாத்திரம்தான். அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. "பத்து பேருக்குப் பொங்க வைக்கப் போறியா? ரெண்டு பேருதான் மச்சான் போறோம்" என்று சொல்லி, என் டைட்டேனியம் குவளையை எடுத்துக் காட்டினேன். 104 கிராம். அதை இரண்டு விரலால் தூக்கி அவன் மூக்குக்கு நேரே ஆட்டினேன்.

"இல்ல மச்சான், அது வந்து..." என்றான்.

"வந்தும் இல்ல, போயும் இல்ல. நாளைக்கு பத்தாவது கிலோமீட்டர்ல எனக்கு நீ தேங்க்ஸ் சொல்லுவ."

காப்பி கொண்டுவந்த என் மனைவி, "அவரு எதுக்கோ எடுத்தாந்திருக்காரு, விடுங்களேன்" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. தவலையை அரிசியோடு ஃபிரிட்ஜின் தலையில் ஏற்றி வைத்தேன். வெல்லத்தை மட்டும் விட்டுவைத்தேன், நடக்கும்போது தெம்பு தரும் என்று. அதையும் உடைத்து ஜிப் கவரில் போட்டேன். பை 6 கிலோ 110 ஆனது. மொத்தம் 6 கிலோ 190 குறைத்திருந்தேன். ஏழுமலை அந்தப் புதுத் துண்டை மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டான். துண்டு 180 கிராம்தான், போகட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலை 5.10க்குக் கிளம்பினோம். வல்லம் நான்காவது கிலோமீட்டர். அங்கே டீ 12 ரூபாய், கடையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளச் சம்மதிப்பார்கள். இந்த வழியில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு கடையாவது உண்டு, அதனால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்கத் தேவையில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறந்துவிட்டு மூன்று லிட்டர் தூக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாலை ஓரம் சில இடங்களில் குறுகல், லாரி வரும். எதிர்ப்பக்கம் நடப்பது நல்லது.

திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர். 9.05க்குச் சேர்ந்தோம். குளத்தங்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பொங்கல், வடை, காப்பி, ஆளுக்கு 85 ரூபாய். ஏழுமலை நன்றாகவே நடந்தான். உண்மையில் என்னைவிட வேகமாக. பத்தாவது கிலோமீட்டரில் நான் வெல்லத்தை நீட்டியபோது, "நீ துன்னு மச்சான்" என்றான். மறுபடி நீட்டினேன். மறுபடியும் அதையே சொன்னான். சர்க்கரை வியாதி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அரைக் கிலோ வெல்லத்தையும் அந்த இரண்டு நாளில் நான் ஒருவனே தின்று தீர்த்தேன்.

வெயில் தணியும் வரை ஒரு அரசமரத்தடியில் படுத்திருந்துவிட்டு, மூன்று மணிக்குப் புதுப்பட்டினம் சாலையில் நடந்தோம். 21வது கிலோமீட்டரில் ஒரு சவுக்குத்தோப்பு. காவல்காரரிடம் அனுமதி கேட்டோம். அடுப்பு மூட்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று சொல்லிவிட்டு 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். அனுமதி இல்லாமல் எந்தத் தோப்பிலும் கூடாரம் போடாதீர்கள். கடற்கரையில் போடவே போடாதீர்கள். தோப்பு மணலில் மெல்லிய ஆணிகள் நிற்காது. பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழியில் புதைத்தால் கல்லு மாதிரி நிற்கும். எடையே சுமக்காமல் எடை கிடைக்கும் வழி இது ஒன்றுதான்.

காலையில் எழுந்தபோது ஏழுமலை வேட்டியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தும்மல். மார்கழிப் பனியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவன் போர்வையை நான்தானே எடுத்தேன். "பேஜாரு பண்ணாத, ஒண்ணும் இல்ல" என்றான். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அப்போதே மன்னிப்புக் கேட்டேன். மற்றது தெரியாதே.

ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பி 7.40க்குப் புதுப்பட்டினம். கடைத்தெருவில் மீன் இறங்கிக்கொண்டிருந்தது. மார்க்கெட் முக்கைத் தாண்டியதும் ஏழுமலை நின்றான். "அதோ அந்த நீலத் தகரம் போட்ட கடை கீதே, அங்க நாஸ்தா நல்லாருக்கும். நீ துன்னுட்டு வா. எனக்கு வயிறு சரியில்ல." சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் ஒரு சின்னப் பாலத்தின் கட்டையில் கடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டான்.

அது அவன் அக்கா தனத்தின் கடை. எனக்கு அப்போது தெரியாது. அக்கா ஒருத்தி கல்பாக்கம் பக்கம் இருக்கிறாள் என்பது வரைதான் எனக்குத் தெரியும்.

ஐம்பது வயதிருக்கும். ஒரு கையால் தோசை திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் சட்னி ஊற்றுகிற சுறுசுறுப்பு. நான் நான்கு இட்லி, ஒரு தோசை, நெத்திலிக் குழம்பு சாப்பிட்டேன், 70 ரூபாய். குழம்பு உண்மையிலேயே பிரமாதம். இரண்டு தரம் அந்த அம்மா ரோட்டைத் தாண்டிப் பார்த்தது. மூன்றாம் தரம் கேட்டது.

"அந்தாண்ட குந்திகினு கீறவரு உன்னோட வந்தவரா தம்பி?"

"ஆமாக்கா. வயிறு சரியில்லயாம்."

"வயிறா?" என்றது. பிறகு உள்ளே போய் ஒரு ஸ்டீல் டப்பாவை எடுத்து வந்து ஆறு இட்லி வைத்து, மேலே குழம்பை ஊற்றி மூடியது. "வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது. இத்த அவரு கைல குடு. டப்பாவ அவரையே கொண்டாந்து குடுக்கச் சொல்லு."

நான் டப்பாவைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தேன். கை அளக்கும், என் கை அப்படிப் பழகிவிட்டது. காலி டப்பாவே நானூறு கிராமுக்குக் குறையாது. "டப்பா எதுக்குக்கா, வெயிட்டு. கவர்ல மாத்திக்கிறேன்" என்றேன். ஜிப் கவர் ஒன்றில் எல்லாவற்றையும் கவிழ்த்தேன். இன்னும் பதினைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும், திரும்ப இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்பது என் கணக்கு. அதோடு நிற்கவில்லை. கடைக்கு வெளியே இருந்த குழாயில் டப்பாவைச் சுத்தமாகக் கழுவி, உதறி, இரண்டு கையாலும் நீட்டினேன். வழியில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது, யாருக்கும் வேலை வைக்கக்கூடாது என்று நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மா டப்பாவையும் என்னையும் பார்த்தது. "கழுவி வேற குடுக்கிறியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டது. பார்சலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. அடுத்த ஆளுக்கு இட்லி எடுக்கப் போய்விட்டது.

பாலத்துக்கட்டையில் ஏழுமலை கவரைப் பிரித்து இட்லியைத் தின்றான். வயிறு சரியில்லாதவன் ஆறையும் தின்றான். பிறகு கேட்டான், "எதுல குடுத்துச்சு?"

"டப்பால. உன்னையே திருப்பிக் கொண்டாந்து குடுக்கச் சொல்லிச்சு. நான்தான் கவர்ல மாத்திட்டுத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"வெறும் டப்பாவயா?"

"கழுவித்தான் குடுத்தேன்."

அவன் கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்போது கடையில் கூட்டம், அந்த அம்மா முகம் தெரியவில்லை. எழுந்து பையை மாட்டிக்கொண்டு வடக்கே நடக்க ஆரம்பித்துவிட்டான்.

புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் 15 கிலோமீட்டர். கடலோரமாகவே போய்விடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அணுமின் நிலையத்தை ஒட்டிய கரை தடை செய்யப்பட்ட பகுதி, சாலையில்தான் போக வேண்டும். நிழல் குறைவு, வண்டிகள் பறக்கும். தொப்பி கட்டாயம். இந்தப் பதினைந்து கிலோமீட்டரும் ஏழுமலை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு மூன்று தடவை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். சளி பிடித்த கோபம் என்று நினைத்தேன்.

12.50க்கு மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மணலில் பையை இறக்கினோம். சுற்றுலாக் கூட்டம், குதிரை, சங்குமாலை வியாபாரம். இதற்கு நடுவே அவன் கடலைப் பார்த்தபடி சொன்னான்.

"அது எங்க அக்கா கடை மச்சான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். அம்மா இறக்கும் முன் தவலையைத் தனத்துக்கு என்று சொல்லியிருந்தார். காரியத்தன்று அக்கா கேட்டது. ஏழுமலையின் மனைவி தர முடியாது என்றாள். இவன் வாயைத் திறக்கவில்லை. அக்கா எழுந்து போனது, அதோடு சரி. "அன்னிக்கு நான் பேசாம நின்னேன் பாரு, அத்த அது மறக்கல. நானும் மறக்கல." இந்த வருடம் மனைவியைச் சம்மதிக்க வைத்து, பொங்கலுக்கு முன் தவலையில் அரிசியும் வெல்லமும் போட்டு எடுத்து வந்தான். வீட்டிலிருந்து நேரே போக ரோஷம் விடவில்லை. இந்த வழியாக நடந்து வந்தேன், அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றால் இரண்டு பேருக்கும் கௌரவமாக இருக்கும். அதற்காகத்தான் மூன்று வருடம் வராதவன் என்னோடு வந்தான்.

"ஏன்டா நீ சொல்லல?"

"நீ தராசப் புட்ச்சிகினு வாத்தியாரு மாதிரி நின்ன. வூட்ல அவங்க வேற காப்பி எடுத்துகினு வந்துட்டாங்க. எப்டி சொல்றது?" பிறகு, "பொய் சொல்லக் கூடாது மச்சான். நீ அத்த எடுத்து மேல வெச்சப்ப எனக்கும் ஒரு மாதிரி நிம்மதியாத்தான் இருந்திச்சு. போகாம இருக்க ஒரு சாக்கு கெடச்சுதுன்னு. அதான் பேஜாரு" என்றான்.

"வெறுங்கையோடயாவது போயிருக்கலாமே."

"அந்த வாசல்ல நான் வெறுங்கையோட ஏற முடியுமா? ஆனா அது டப்பா குடுத்துச்சே. டப்பாவ நானே எடுத்தாந்து குடுக்கணும்னு சொல்லிச்சே. அத்தவிட இன்னா சொல்லணும்?"

பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாத வழக்கமா என்ன? எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் இரண்டு வாழைப்பழமோ ஒரு பிடி சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்புவோம். வெறும் பாத்திரம் திரும்பி வந்தால் உறவு வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதெல்லாம் தெரிந்தவன்தான். முதுகில் பையை மாட்டியதும் மறந்துபோனேன். அந்த அம்மா டப்பாவை வாங்கும்போது பார்த்த பார்வை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தம்பி சொல்லித்தான் வெறும் டப்பா வந்தது என்று நினைத்திருக்கும். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்து, ஆளுக்கு 28 ரூபாய், ஒரு மணி பத்து நிமிடம். இறங்கியதும் தவலையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

கெடுத்தவனே சரி செய்ய வேண்டும் என்று பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு நான் ஒரு வேலை செய்தேன். தவலையைப் பைக்கில் கட்டிக்கொண்டு தனியாகப் புதுப்பட்டினம் போனேன். நடந்தது எல்லாவற்றையும் சொல்லி, டப்பாவைத் திருப்பியது என் புத்திகெட்ட வேலை, அவனுக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த அம்மா முழுசாகக் கேட்டது. நான் சுற்றியிருந்த துணியை விலக்கித் தவலையின் கழுத்தில் இருந்த நசுங்கலைத் தடவிப் பார்த்தது. பிறகு மூடிவிட்டது.

"நீ நல்ல புள்ளதான் நைனா. ஆனா நீ யாரு? இது எங்கம்மாது. அவன் எடுத்தாந்தா வாங்கிக்கிறேன்."

"கனமா இருக்குக்கா, நானே வண்டியில வெச்சு..."

"கனமாத்தான் இருக்கும். அவனே தூக்கினு வரட்டும்."

கிளம்பும்போது அதே ஸ்டீல் டப்பாவைக் கொடுத்தது. உள்ளே நெத்திலிக் கருவாடு. இந்தத் தடவை நான் எதையும் மாற்றவில்லை. மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஏழுமலையிடம் கொடுத்தேன். தவலையோடு நான் போனதற்கு அவனுக்குக் கோபம். "உன்ன யாரு போகச் சொன்னது?" என்றான். ஆனால் டப்பாவை வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு லாக்கரில் வைத்துப் பூட்டினான்.

இந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்கு: இரண்டு நாள், 43 கிலோமீட்டர், எனக்கான செலவு எல்லாம் சேர்த்து 540 ரூபாய். ஆறு கிலோவுக்குள் பையைக் கட்டினால் சுகமாக நடக்கலாம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஜனவரியில் போர்வையை மட்டும் குறைக்காதீர்கள். கூட வருகிறவர் பையை நீங்கள் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது எவ்வளவு எடை என்று பார்க்கும் முன் இது யாருக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். முடிந்தால் நீங்கள் கொஞ்சம் வாங்கிச் சுமந்துகொள்ளுங்கள். என்னால் முடிந்திருக்கும். என் பையில் இன்னும் நான்கு கிலோவுக்கு இடம் இருந்தது.

பொங்கல் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. ஏழுமலை கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறான், பேசுகிறான். நடையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. டப்பா அவனிடம்தான் இருக்கிறது. தவலை என் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் இருக்கிறது. நான் தின்று தீர்த்த வெல்லத்துக்குப் பதிலாக அரைக் கிலோ வாங்கி உள்ளே வைத்தேன். போன ஞாயிறு மூடியைத் திறந்து பார்த்தால் அரிசியில் வண்டு விழுந்திருந்தது. கொட்டிவிட்டு, தவலையைத் துடைத்து, புது அரிசி ஒரு கிலோ போட்டு, மறுபடி அங்கேயே ஏற்றி வைத்திருக்கிறேன்.